எங்களையும் கேளுங்கள்

"வருகைப் பதிவேட்டின்படி ஆறாறு பேராகப் பிரிந்து உட்காருங்கள்" என்று ஆசிரியை சொன்னதும் பெஞ்சுகள் நகரும். எங்கள் முகங்களும் மாறும். எழுதுவது இருவர், படத்துக்கு வண்ணம் தீட்டுவது ஒருவர், மற்ற மூவரும் பென்சில் சீவிக்கொண்டிருப்போம். ஆனால் அறுவருக்கும் ஒரே மதிப்பெண்! ஆசிரியையைக் குறை கூறவில்லை. யார் யாருக்கு உதவுகிறோம் என்பது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரியாதுதான்.

கடந்த நவம்பரில் கற்பித்தல் பயிற்சிக்கு வந்த பி.எட். அக்கா ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, "கணக்கில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்? மூன்று பெயர் எழுதுங்கள்" என்றார். மறுநாள் கரும்பலகையில் 42 வட்டங்கள், அவற்றினிடையே அம்புக்குறிகள். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டுமே. இதற்கு சோஷியோகிராம் என்று பெயராம். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து 1932-இல் இரண்டே வாரங்களில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். மொரினோ என்ற மனநல மருத்துவர் அவர்களுடைய குணத்தை மட்டும் ஆராயவில்லை. யார் யாருடன் வசிக்க விரும்புகிறார்கள் என்று அப்பள்ளிப் பெண்களையே கேட்டு இப்படிப் படம் வரைந்தார். ஓடும் எண்ணம் அந்தக் கோடுகளின் வழியே பரவியதென்று கண்டார்.

எங்கள் படத்தில் முதல் ரேங்க் தோழிக்கே எல்லா அம்புகளும் போகும் என்று எண்ணியிருந்தோம். போகவில்லை. நான்கு தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லித்தரும் ஒருத்தியிடமே போயின. எண்ணால் மறைத்தும் அவளை அடையாளம் கண்டுகொண்டோம். விடுதி மாணவியர் ஒரு திட்டு, வீட்டிலிருந்து வருவோர் ஒரு திட்டு, நடுவே இரண்டே அம்புகள். 31 என்ற வட்டத்தை நோக்கி ஓர் அம்புகூட இல்லை. அதைப் பார்த்ததும் வகுப்பு அமைதியானது. ஒவ்வொருவருக்கும் 'அது நானோ?' என்ற பயம்.

பிடித்தவர்களோடே உட்கார விட்டால் அரட்டைதான் மிஞ்சும் என்று சில ஆசிரியைகள் சொல்வார்கள். அது உண்மைதான், எங்களுக்கே தெரியும்! நாங்கள் கேட்பது அதுவல்ல. 31-ஆம் எண்காரி தன் சீட்டில் யாரை எழுதினாளோ, அவளருகில் அவளை அமர்த்தலாமே. கேள்வி மாறினால் படமும் மாறும் என்று அக்கா சொன்னார். சாப்பாட்டு வேளைத் தோழி வேறு, கணக்குத் தோழி வேறு. ஆகவே ஒரே படத்தை வைத்து எங்களை எடை போட வேண்டாம். சீட்டுகள் ஆசிரியையின் கைப்பையிலேயே இருக்கட்டும். தனித்திருப்பவளை அழைத்துப் பரிவாக விசாரிக்கவும் வேண்டாம். அது அவளுக்கு இன்னும் வலிக்கும்.

31 யாரென்று அக்கா கடைசிவரை சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும், அதுவரை பேசாதவர்களிடமெல்லாம் வலியப் போய்ப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தங்கைகளுக்காவது இந்தச் சீட்டை ஜூன் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு அது வந்து சேர்ந்தபோது அரையாண்டுத் தேர்வே நெருங்கிவிட்டது.