கல்லைத் தோண்டி எடுங்கள்

2025 தீபாவளிக்கு முந்தின நாள், அக்டோபர் 19. சிவகாசிப் பட்டாசுக் கடைகளில் கூட்டம் நெரிந்த அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஐந்து நாள் சுமோ பந்தயம் முடிந்தது. 1991-க்குப் பிறகு சுமோ அங்கே போனது அப்போதுதான். மல்லர் ஹோஷோரியு வென்றார். எனக்கோ மல்லர்களின் தலைக்கு மேல் தொங்கிய கூரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அது ஜப்பானின் ஷிண்டோ கோயில் பாணிக் கூரை.

சுமோ களமே ஒரு சன்னிதிதான். பந்தயத்துக்கு முதல் நாள் நடுவர்கள் பூசாரிகளாகி, களத்தின் நடுவே குழி தோண்டி உப்பும் அரிசியும் கடற்பாசியும் காய்ந்த கணவாயும் புதைப்பார்கள். ஒமிஷிமா தீவின் ஓயாமசுமி கோயிலில் ஒற்றை மல்லர் கண்ணுக்குத் தெரியாத நெல் தெய்வத்தோடு மல்லுக்கட்டுவார். மூன்று சுற்றில் தெய்வம் இரண்டை ஜெயித்தால் வெள்ளாமை செழிக்கும்.

இன்னும் ஒன்று, என்னை உலுக்கியது. ஜப்பானியக் கோயில் முற்றங்களில் சிகராஇஷி என்னும் கற்கள் கிடக்கின்றன. ஊர் இளைஞர்கள் தூக்கிப் பலம் பார்த்தவை. எடையையும் தூக்கியவர் பெயரையும் பல கற்களிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நம் இளவட்டக்கல்லேதான்! கோயில் வாசல்களில் போடும் பேவர் பிளாக் தளத்தின் மேல் எனக்கு ஏற்கெனவே ஆத்திரம் உண்டு. இப்போது அது இரண்டு மடங்காகிவிட்டது. சிவகாசிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் வாசலில் தளம் போட்டிருக்கிறார்கள். இளவட்டக்கல்லின் உச்சி மட்டும் சிமெண்டுக்கு மேலே தெரிகிறது. "போறவங்க வர்றவங்க கால்ல இடறுதுன்னு புதைச்சுட்டாங்க தம்பி" என்றார் திண்ணையிலிருந்த பெரியவர். வாலிபத்தில் அதைத் தோள் தாண்டிப் பின்னால் போட்டவர் அவர்.

அது லேசான காரியமில்லை. வழுவழுவென்ற உருண்டை, விரல் பிடிக்க விளிம்பு கிடையாது. குத்தவைத்து, இரு கையாலும் அணைத்து, முதலில் தொடைக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து தோள். தொடையிலிருந்து நெஞ்சுக்கு ஏறும் அந்த ஒரு மூச்சில்தான் பலரும் விட்டுவிடுவார்கள். இதைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் போட்டி நடக்கிறது; பெண்களும் தூக்குகிறார்கள்.

நம் ஊர்க் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த தைக்குள் கல்லைத் தோண்டி எடுங்கள். கல்லைச் சுற்றி நாலடி மண்தரை விடுங்கள். தூக்கியவர்களில் உயிரோடிருப்பவர்களைக் கேட்டு, பெயர்களைக் கோயில் சுவரில் எழுதுங்கள். அந்தப் பெரியவரின் பெயரிலிருந்து தொடங்கலாம்.