குதிரைசக்தி மட்டும் போதுமா?



வேகம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே கேள்விதான் வரும். "இன்ஜின் எத்தனை ஹெச்.பி.?" பைக்கானாலும் சரி, படகானாலும் சரி, பேச்சு அங்கேயே ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். வேகம் பத்தலையா? பெரிய இன்ஜினாப் போடு! இந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. அதற்குச் சாட்சியாக நான் கூப்பிடுவது பந்தய மோட்டார் படகை.

ஏன் படகு? சாலையில் சக்கரத்துக்குக் கெட்டியான தரை கிடைக்கிறது. தண்ணீர் அப்படியா? உதைத்தால் நழுவிப் போகும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ப்ரொப்பெல்லரின் 'பிட்ச்' 24 அங்குலம் என்றால், திருகாணி மரத்தில் இறங்குவது போல அது ஒரு சுற்றுக்கு 24 அங்குலம் முன்னேற வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று, கியர் விகிதம் 2:1 என்று வைத்துக்கொண்டால் ப்ரொப்பெல்லருக்குக் கிடைப்பது 3000 சுற்று. அப்படியானால் படகு மணிக்குச் சுமார் 110 கி.மீ. போக வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் 97 தான் வருகிறது என்று வையுங்கள். மீதி 13 கி.மீ. எங்கே? தண்ணீரில் நழுவிப் போச்சு! இதற்குப் பெயர் 'ஸ்லிப்'. இங்கே சுமார் 12 சதவீதம். இது பூஜ்யமாகவும் ஆகாது. இலை தண்ணீரை ஒரு கோணத்தில் தாக்கினால்தான் உந்துவிசையே பிறக்கும். அளவோடு வைத்துக்கொள்வதில்தான் சாமர்த்தியம்.

சரி, பிட்சை ஏற்றிக்கொண்டே போனால் வேகமும் ஏறுமா? ஏறாது. மலைப்பாதையில் டாப் கியரில் பஸ்ஸை ஓட்டினால் எப்படித் திணறும்? அதே கதைதான். ஓர் அங்குலம் பிட்ச் கூடினால் இன்ஜின் சுற்று சுமார் 150 முதல் 200 வரை இறங்கும். ரொம்பக் குறைத்தால் இன்ஜின் எல்லை மீறிச் சுற்றும். முழு த்ராட்டிலில், தயாரிப்பாளர் சொன்ன சுற்று எல்லைக்குள் இன்ஜின் நிற்கிறதா என்பதுதான் முதல் பரீட்சை.

அடுத்தது உயரம். அவுட்போர்டு இன்ஜினைக் கொஞ்சம் தூக்கிப் பொருத்தினால் தண்ணீருக்குள் இழுபடும் பாகம் குறையும், வேகம் கூடும். ஆசைப்பட்டு இன்னும் தூக்கினால் ப்ரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டு பிடிப்பு இல்லாமல் சும்மா சுற்றும். குளிர்விக்கும் தண்ணீர் நுழைகிற துளையும் வெளியே வந்துவிடும். அப்புறம் இன்ஜின் கதி என்ன? அதனால்தான் தண்ணீர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள்.

மூன்றாவது 'ட்ரிம்', அதாவது இன்ஜினின் சாய்வு. வெளிப்பக்கம் சாய்த்தால் படகின் மூக்கு தூக்கும், அடிப்பாகத்தில் நனையும் பரப்பு குறையும், வேகம் கூடும். அளவு தாண்டினால் மூக்கு ஏறி இறங்கி, ஓங்கில் மீன் போலத் துள்ள ஆரம்பிக்கும். 'வி' வடிவ அடிப்பாகம் கொண்ட படகு உச்ச வேகத்தில் ஒரு குறுகிய பட்டையின் மேல்தான் நிற்கிறது. அப்போது இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஸ்டீயரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலே போதும், ஆபத்து. இன்னும் நூறு ஹெச்.பி. சேர்த்தால் இந்த ஆட்டம் நிற்குமா? கூடத்தான் செய்யும்!

சரித்திரத்தைப் பாருங்கள். 1939-ல் சர் மால்கம் காம்ப்பெல் நீரில் ஏற்படுத்திய சாதனை மணிக்கு 228 கி.மீ. 1950 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகர வாஷிங்டன் ஏரியில் 'ஸ்லோ-மோ-ஷன் 4' என்ற படகு அதை 258 ஆக்கியது. வடிவமைத்த டெட் ஜோன்ஸ், கட்டிய ஆங்கர் ஜென்சன், ஓட்டிய ஸ்டான் சேயர்ஸ் மூவரும் நம்பியது பாதி ப்ரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே சுற்றும் அமைப்பை. முன்னால் இரண்டு மிதவைகளும் பின்னால் ப்ரொப்பெல்லரும்தான் தண்ணீரைத் தொடும். 1952-ல் அதே படகு 287 கி.மீ. தொட்டது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் மால்கமின் மகன் டொனால்ட் காம்ப்பெல் 'ப்ளூபேர்ட் கே7' படகில் 500 கி.மீ.க்கு மேல் பாய்ந்தார். அது ஜெட் படகு. சக்திக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மூக்கு எல்லை தாண்டித் தூக்கியது, அடியில் காற்று புகுந்தது, படகு கரணம் அடித்தது. அவர் பிழைக்கவில்லை.

"பந்தயப் படகுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். 2018-ல் ஃபார்முலா 1 படகுப் பந்தயம் நம் பக்கத்து மாநிலத்தில், கிருஷ்ணா நதியிலேயே நடந்தது. அது போகட்டும். நம் கடற்கரையில் அவுட்போர்டு மாட்டி மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் படகுக்கும் இதே பிட்ச், இதே ஸ்லிப்தான். பொருந்தாத ப்ரொப்பெல்லர் தின்பது அந்தக் குடும்பத்தின் எரிபொருள் காசை!

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். "ஸ்பேனர் பிடிக்க மூணு வருஷப் படிப்பா?" என்று ஊரில் கேட்கிறார்கள். டிசைன் செய்பவன் பெரியவன், செட்டிங் பார்ப்பவன் சின்னவன் என்று நம்மில் சிலரே நம்புகிறோம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரைபடத்தில் இருக்கும் வேகம் தண்ணீரில் வருவது செட்டிங் பார்ப்பவன் கையில்தான். ஆனால் அதற்கு வெறும் கை போதாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே எடை, அதே எரிபொருள் அளவோடு ஓட்ட வேண்டும். காற்றும் நீரோட்டமும் ஏமாற்றாமலிருக்க இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். லேபில் நாம் 'ரீடிங்' எடுப்பது இதற்குத்தான், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும் அல்ல!

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு இயந்திரம் ஓடவில்லை என்றால் "எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்காதீர்கள். "இருக்கும் சக்தி எங்கே நழுவுகிறது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனுக்கு எந்தப் பட்டறையிலும் மரியாதை உண்டு.

– இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை