விதை யார் கையில்?

மழையை நம்பிச் சோளம் விதைக்கும் கமக்காரனின் வாழ்வும் தாழ்வும் பயிர் பூக்கின்ற சில நாட்களிலேயே தீர்மானமாகின்றன. அந்நாட்களில் வானம் பொய்த்தால் அதுவரை அவன் பட்ட பாடெல்லாம் வீண்.

காரணம் என்ன? சோளத்தில் ஆண் பூ உச்சியிலும், கதிராகும் பெண் பூ தண்டின் நடுவிலும் தோன்றும். உச்சியிலிருந்து மகரந்தம் உதிரும் வேளையில் கதிரின் பட்டிழைகள் வெளிவந்திருத்தல் வேண்டும். நிலம் வறண்டால் மகரந்தம் உரிய காலத்தில் உதிர்ந்துவிடும், இழைகளோ பிந்திவிடும். மணி பிடிக்காத வெறுங்கதிரே மிஞ்சும். மெக்சிக்கோவிலுள்ள அனைத்துலகச் சோள, கோதுமை ஆய்வு நிலையத்தார் 1970களில் இக்குறையைத் தீர்க்க முனைந்தனர். மழையற்ற பருவத்திற் பயிரிட்டு, பூக்கும் வேளையில் வேண்டுமென்றே நீரை நிறுத்தி, அந்நிலையிலும் நன்கு மணி பிடித்த செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். 2007இல் ஆபிரிக்க நாடுகள் பதின்மூன்றிற்கென வறட்சி தாங்கும் சோளத் திட்டம் தொடங்கியபோது இவ்வறிவே கைகொடுத்தது.

வறட்சியை வென்றாற் போதுமா? போதாது. 2011இல் கென்யாவின் பொமெட் பகுதியில், இரு வைரசுகள் கூடித் தாக்கும் கொடிய நோயொன்று சோள வயல்களிற் புகுந்தது. நோய் தாங்கும் இனங்களைக் கண்டறிய, அந்நோயையே பயிரில் ஏற்றிச் சோதிக்கும் நிலையமொன்று 2013இல் அந்நாட்டின் நைவாசாவில் அமைந்தது. நல்லினம் ஆக்குதல் ஒருமுறையோடு முடியும் காரியமன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அமெரிக்காவின் அனுபவம் இன்னுமொரு பாடம். கலப்பின விதையை மலிவாக உண்டாக்கும் பொருட்டு, ஆண் பூவை மலடாக்கும் ஒரே தாய்வழி இயல்பை அந்நாட்டுச் சோளத்தில் ஏறத்தாழ 85 வீதத்திற் புகுத்தியிருந்தனர். 1970இல் இலைக்கருகல் நோய் அந்த ஒரே வாயிலாலே நுழைந்து, நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 வீதத்தை அழித்தது. எல்லா வயலுக்கும் ஒரே இரத்தம் என்றால் எல்லா வயலுக்கும் ஒரே சாவுதான்.

இவற்றை நம் நாட்டு நிலையோடு ஒப்பிடுவோம். அநுராதபுரம் முதல் அம்பாறை, மொனராகலை வரை சோளம் பெரும்பாலும் பெரும்போக மழையை நம்பியே விளைகிறது. கலப்பின விதையை எடுத்துவைத்து மறுபோகம் விதைத்தால் இனம் சிதறி விளைச்சல் குன்றும்; ஆகையால் போகந்தோறும் புதுவிதை வாங்கியே ஆகவேண்டும். அவ்விதையின் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி நாடு தத்தளித்ததை மறந்தவர் உண்டோ?

அறிவு இங்கில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மகா இலுப்பள்ளமை ஆய்வு நிலையம் ஆக்கிய ‘சம்பத்’ என்னும் கலப்பினம் 2004இலேயே வெளிவந்தது. முயற்சி உண்டு; அதைக் கமக்காரனின் வாசல்வரை கொண்டு செல்லும் மனமே வேண்டும்.

கலப்பினம் வேண்டாம் என்பது எமது வாதமன்று. பெற்றோர் இனங்கள் பொதுச் சொத்தாகப் பேணப்படல் வேண்டும். அவை ஒன்றல்ல, பலவாதல் வேண்டும். ஆய்வு நிலையத்தின் நீர் பாய்ந்த பாத்தியில் மட்டுமன்றி, கமக்காரனின் வறண்ட காணியிலும் சோதனை நடத்தல் வேண்டும். ஆண்டுதோறும் விதை வாங்க வழியற்ற ஏழைக்கு, எடுத்துவைத்து விதைக்கக்கூடிய நல்லினமும் கிட்டுதல் வேண்டும்.

பசித்தாலும் விதைநெல்லைத் தொடாதவன் நம் கமக்காரன். அவனுடைய விதைப்பெட்டியின் திறப்பை அந்நியன் கையில் ஒப்படைத்துவிட்டு, உணவில் தன்னிறைவு பற்றி மேடையிற் பேசுவதாற் பயன் என்ன?