பழிச்சொல் வைத்தியமாகாது!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15-49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் மிகையெடை உள்ளவர்கள். 30-49 வயதினரில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்களோ 100-க்கு 10 பேர்கூட இல்லை!

கூலி இழப்பும் விவரம் தெரியாததும் காரணங்கள்தான். ஆனால், "முதலில் உடம்பைக் குறை" என்ற ஏளனப் பேச்சு, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்த பெண்ணையும் விரட்டிவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் பருத்த பெண்களுக்கே அதிகம். யாரை முதலில் அழைக்க வேண்டுமோ, அவர்களையே விரட்டுவது எந்த வைத்தியம்?

அகலமான சோதனைக் கட்டில், அளவான அங்கி, மறைப்புத் திரை, பெண் ஊழியர், மரியாதையான சொல் — இவை சலுகையல்ல, உரிமை! ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவற்றைச் சர்க்கார் செய்து தர வேண்டும். மாதர் சங்கங்கள் இக்கோரிக்கையை எழுப்பட்டும். தயங்கும் சகோதரிகளைக் கைபிடித்து அழைத்துச் செல்லட்டும்!