கீரையிலுமா மேல், கீழ்?

மனிதனுக்கு மனிதன் மேல் கீழ் கற்பித்த புத்தி, நம் நாட்டில் மனிதன் தின்னும் தழையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஏகாதசிப் பட்டினிக்கு மறுநாள் தின்னும் அகத்திக்கீரை புண்ணியமாம்! முதல் மழைக்குக் காட்டிலும் வரப்பிலும் தானே முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை ஆகியவைகளை மடியில் பறித்துவந்து ஆக்கித் தின்பது மாத்திரம் கதியற்றவன் தீனியாம்! வயிற்றுக்குள் போன பிறகு இவைகளுக்குள் என்ன ஜாதி வித்தியாசம் என்று கேட்டால் பதில் சொல்லுவார் கிடையாது.

இந்த இழிவுப் பேச்சின் பலன் என்னவென்றால், நாலு காசு கண்ட குடும்பங்களில் காட்டுக்கீரை பறிப்பது மானக்கேடாகிவிட்டது. களையெடுக்கும் தாய்க்குத் தெரிந்த கீரைகளில் பாதி மகளுக்குத் தெரியாது. மகனுக்கோ ஒன்றுமே தெரியாது. ஆனால் வேலியில் படர்ந்த அதே முடக்கத்தானும் தூதுவளையும் பொடியாகி, சித்தர் படம் ஒட்டிய பொட்டலத்தில் கடைக்கு வந்துவிட்டால், கேட்ட விலை கொடுத்து வாங்குகிறோம். வேலியில் இருந்தபோது இல்லாத யோக்கியதை பொட்டலத்துக்குள் எப்படி வந்தது?

உண்மையில் அந்தப் பாட்டாளிப் பெண்களின் அறிவே சரியான ஆராய்ச்சி அறிவாகும். பிரண்டையை நாருரித்து, எண்ணெயில் நன்றாய் வதக்கி, புளி கூட்டித்தான் துவையல் அரைக்கிறார்கள். இல்லாவிட்டால் வாய் அரிக்கும். அதிலுள்ள ஊசிபோன்ற ஆக்ஸலேட் உப்புப் பரல்களே அரிப்புக்குக் காரணம் என்று இன்று ரசாயனம் சொல்லுகிறது. பக்குவத்தை எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டு சொல்லவில்லை; அரிப்பெடுத்த நாக்குகள் கண்டுபிடித்தன. கசப்புத் தழை கொஞ்சமும் சப்பென்ற தழை அதிகமுமாகக் கலந்து, பருப்பும் பூண்டும் மிளகாயும் சேர்த்து வேகவைத்து மத்தால் கடைந்தால், களிக்கும் சோற்றுக்கும் அதைவிட நல்ல கூட்டு வேறென்ன வேண்டும்?

இதிலும் புரட்டுக்குக் குறைவில்லை. பொன்னாங்கண்ணியைப் “பொன் ஆம் காண் நீ” என்று பிரித்து, அதைத் தின்றால் உடம்பு பொன்னாகும் என்கிறார்கள். அப்படியானால் அதை அன்றாடம் பறித்து விற்கும் கீரைக்காரியல்லவா தங்கச்சிலையாயிருக்க வேண்டும்? பச்சைக் கீரைகளில் உள்ள கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும். இந்த உண்மை போதாதா? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. கீரை ஒன்றே அதைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. கைக்கெட்டிய ஆகாரத்தை வெட்கத்தினால் இழப்பது மடமை என்றே சொல்லுகிறோம்.

“இயற்கையானதெல்லாம் நல்லது” என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. ஊமத்தையும் இயற்கைதான், செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான், இரண்டும் ஆளைக் கொல்லும். ஆகவே, தின்று பழகியவர்கள் நேரில் காட்டிக்கொடுத்ததைத் தவிர வேறெதையும் பறிக்கலாகாது. சாக்கடை ஓரத்திலும், பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த காட்டிலும் கை வைக்கலாகாது.

அந்தக் களைக்கொல்லி, களையோடு கீரையையும் சேர்த்தே கொல்லுகிறது. காட்டுக்காரருக்குக் கூலி மிச்சம். கூலிக்காரிக்கோ கூலியும் போயிற்று, குழம்புக்குக் கீரையும் போயிற்று. இது யாருடைய கணக்கிலாவது ஏறுகிறதா?

எனவே தோழர்களே! அடுத்த மழைக்கு உங்கள் ஊர்க் களைக்காரப் பெண்களோடு காட்டுக்குப் போய், பெயரும் அடையாளமும் பக்குவமும் கேட்டு எழுதிவையுங்கள். அதைப் பெண்பிள்ளைகளுக்கு மாத்திரமல்லாமல் ஆண்பிள்ளைகளுக்கும், பறிக்க மட்டுமல்லாமல் ஆக்கவும் கற்றுக்கொடுங்கள். வெட்கப்பட வேண்டியது கீரை பறிப்பவரல்ல. அவரை இழிவாக நினைப்பவரே ஆவார்.