பத்து நிமிஷம்தானே?



நம்மில் பலரின் வீட்டில் கடை வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். துணிக்கடையில் மகள், சூப்பர் மார்க்கெட்டில் தம்பி, மொபைல் ஷோரூமில் மருமகன். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பத்து மணிக்கு வந்தால் ‘ஏன் லேட்?’ என்று கேட்கிறோம். ‘கணக்கு முடிச்சு, ஸ்டாக் அடுக்கிட்டு வர லேட்டாயிடுச்சு’ என்று பதில் வருகிறது. சாப்பாடு எடுத்து வைக்கிறோம்; பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

அமெரிக்காவில் கடை ஊழியர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியிருந்தது, உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட். வேலை முடிந்ததாக கார்டைத் தேய்த்த பிறகும் வேலை வாங்குகிறார்கள், சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் உள்ள இடைவேளை கிடைப்பதில்லை என்று மாநிலத்துக்கு மாநிலம் வழக்குகள் குவிந்தன.

2000-ஆம் ஆண்டில் அந்த நிறுவனமே ஒரு தணிக்கை நடத்தியது. 128 கடைகள், சுமார் 25,000 ஊழியர்கள், ஒரே ஒரு வார வருகைப் பதிவு. அதில் ஓய்வு இடைவேளை எடுக்காததாகத் தெரிந்த தடவைகள் 60,767. சாப்பாட்டு நேரத்திலும் வேலை பார்த்ததாகத் தெரிந்த தடவைகள் 15,705. ஊழியர்கள் கார்டு தேய்க்க மறந்திருக்கலாம், அதனால் இந்தக் கணக்கை நம்ப முடியாது என்றது நிறுவனம்.

வழக்குகள் நிற்கவில்லை. 2005 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு ஜூரி, உணவு இடைவேளை தராததற்காக 17.2 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2008-இல் மினசோட்டா நீதிபதி ஒருவர், மாநிலத் தொழிலாளர் சட்டம் 20 லட்சம் தடவைக்கு மேல் மீறப்பட்டிருக்கிறது என்றார். அந்த வழக்கை நிறுவனம் 5.425 கோடி டாலருக்குச் சமரசம் செய்து முடித்தது. 2008 டிசம்பரில் 42 மாநிலங்களின் 63 வழக்குகளையும் ஒன்றாக முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. இவை பல வருடங்களுக்கு முந்தைய புகார்கள், இன்றைய நிறுவனம் அப்படி இல்லை என்பது அதன் விளக்கம்.

அந்த 63 வழக்குகளுக்கான தொகை குறைந்தது 35.2 கோடி டாலர், அதிகபட்சம் 64 கோடி டாலர். ஏன் இவ்வளவு வித்தியாசம்? எத்தனை ஊழியர்கள் விண்ணப்பித்துக் கேட்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் மொத்தத் தொகை. கேட்காதவரின் பங்கு அவர் கைக்கு வராது. வேலையை விட்டுப் போனவர்கள், வீடு மாறியவர்கள், ‘இதெல்லாம் நமக்கெங்கே’ என்று காகிதத்தை ஓரமாக வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

இப்படி ஏன் நடக்கிறது? ‘சாப்பிடப் போகாதே’ என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சம்பளச் செலவு இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று மேலிடத்திலிருந்து மேனேஜருக்கு நெருக்கடி வருகிறது. வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஊதியம் என்கிறது 1938-இல் வந்த அமெரிக்கச் சட்டம். அதனால் ஓவர்டைம் கூடாது. ஆனால் வேலை குறைவதில்லை, ஆளும் கூடுவதில்லை. பில்லிங் கவுண்டரில் வரிசை நீளும்போது சாப்பாட்டு டப்பா மூடியே கிடக்கிறது.

‘பத்து நிமிஷம்தானே, இதற்கெல்லாம் கணக்கா?’ என்று கேட்பவர்களுக்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர். இரவில் கடையை மூடும் பொறுப்பு அவருடையது. கம்ப்யூட்டரில் தன் வேலை நேரத்தை முடித்த பிறகுதான் அன்றைய விற்பனைக் கணக்கை அனுப்ப முடியும். அதன் பிறகு அலாரம் போட்டு, கதவைப் பூட்டி, உடன் வேலை பார்ப்பவர்களைக் கார் வரை கொண்டுபோய் விட வேண்டும். தினமும் நாலிலிருந்து பத்து நிமிஷம் ஆகும். 17 மாதத்தில் சேர்ந்தது 12 மணி 50 நிமிஷம். குறைந்தபட்ச ஊதியப்படி 102 டாலர் 67 சென்ட்.

இது அற்பத் தொகை என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2018-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு அது ஒரு வார மளிகை, ஒரு மாத பஸ் செலவு என்று குடும்பக் கணக்கையே எடுத்து வைத்தது. மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்க்கும் எவருக்கும் அது புரியும்.

சரி, நம் ஊரில்? நமக்கும் சட்டம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு ஊதியம். நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் இடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் ஒரு திருத்தமும் வந்தது. கடைக்குப் போகும்போது கவனியுங்கள், அந்த இருக்கை கண்ணில் படுகிறதா?

‘வேலை கொடுத்தவரிடமே கணக்குக் கேட்பதா?’ என்று பெரியவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. நேர்மையாக நடத்தும் கடைக்காரர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். உழைத்த நேரத்துக்குக் கூலி கேட்பது நன்றி மறப்பது ஆகாது.

உங்கள் வீட்டில் கடை வேலைக்குப் போகிறவரிடம் ஒரு சின்ன நோட்டு கொடுங்கள். வந்த நேரம், சாப்பிட்ட நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் தினமும் எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு சேர்ந்து உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். இடித்தால் முதலில் மேனேஜரிடம் பதமாகக் கேட்கட்டும். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போகட்டும். வால்மார்ட் ஊழியர்களும் சேர்ந்து கேட்டதால்தான் பதில் கிடைத்தது.

அன்புடன்,
ஆசிரியர்