தூன் கோட்டையில் இரு சகோதரர்

சுவிற்சலாந்து நாட்டில், தூன் ஏரியின் அருகே அதே பெயருடைய பழைய நகரம் ஒன்று உண்டு. நகருக்கு மேலே ஒரு குன்று. அதன் உச்சியில், நான்கு மூலைகளிலும் சிறு கோபுரங்களைத் தாங்கிய வெண்ணிறக் கோட்டையொன்று நிமிர்ந்து நிற்கின்றது. இன்று அது நூதனசாலை. பயணிகள் படியேறிச் சென்று அதன் பெருமண்டபத்தைக் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும், 1322ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் அக்கோட்டையிலே நிகழ்ந்ததை அறிந்தோர் மகிழ்ச்சியோடு மட்டும் திரும்புதல் அரிது.

கோட்டையைக் கட்டுவித்த சேரிங்கன் மரபு 1218இல் வாரிசின்றி அற்றுப் போகவே, அது கீபூர்க் குடும்பத்தாருக்கு உரிமையாயிற்று. பின்னர் அக்குலத்து அன்னா என்பாளை, ஹப்ஸ்பேர்க் மரபின் கிளையொன்றைச் சேர்ந்த எபர்ஹாட் மணந்தான். அவர்கள் வழிவந்தோரைப் புதுக் கீபூர்க் பிரபுக்கள் என்பர். ஜேர்மன் மொழியில் 'கிராவ்' என்னும் பட்டம் பூண்ட இவர்கள், பேரரசுக்கு அடங்கிய குறுநிலத் தலைவர்கள். இவர்களுள் ஹாட்மன் என்பான் 1301இல் இறந்தபோது அவன் மைந்தர் இருவரும் சிறுவர். மூத்தவன் தந்தையின் பெயரையும், இளையவன் பாட்டனின் பெயரையும் கொண்டிருந்தனர்.

மத்திய கால ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் வலிமை அவனுடைய நிலத்தில் இருந்தது. நிலத்தை மைந்தர்களுக்குப் பகிர்ந்தளித்தாற் குடும்பம் நலியும். பகிராதொழிந்தால் இளையவன் வெறுங்கையனாவான். ஆகவே இளைய மைந்தரைத் திருச்சபைக்கு அனுப்பும் வழக்கம் பரவியிருந்தது. பதவியும் வருமானமும் அங்கே கிடைத்தன. குடும்பச் சொத்தும் சிதறவில்லை. இவ்வாறே இளையவனாகிய எபர்ஹாட்டும் குருத்துவத்துக்கென ஒதுக்கப்பட்டு, இத்தாலியிலுள்ள பொலோஞாப் பல்கலைக்கழகத்திற் கற்றான். ஆனால், துறவு ஒருவனுடைய நெஞ்சிலே தோன்ற வேண்டியது. பிறர் போட்ட சொத்துக் கணக்கிலே தோன்றிய துறவு எத்தனை நாளைக்கு நிலைக்கும்? ஊர் திரும்பிய எபர்ஹாட் தன் பங்கைக் கேட்டான்.

தமையன் மறுத்தான், மறுத்ததோடு நில்லாது தம்பியைப் பிடித்துச் சிறையிலும் இட்டான். ஹப்ஸ்பேர்க் மரபினனும் ஒஸ்திரியக் கோமகனுமாகிய லெயோபோல்ட் நடுவனாக நின்று ஓர் உடன்பாட்டை ஏற்படுத்தினான். ஆட்சி தமையனுக்கு, தம்பி திருச்சபைப் பதவியோடு அமைய வேண்டும். பழைய கணக்கே மீண்டும் எழுதப்பட்டது! உறவைப் புதுப்பிப்பதற்கென்று இருவரும் தூன் கோட்டையிற் கூடினர். அங்கே வாய்ச்சொல் பூசலாகியது, பூசல் வாட்போராகியது. தமையன் ஹாட்மன் உயிரிழந்தான். வெட்டிய கை யாருடையது என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமைப்படவில்லை. எனினும், நாட்டை அடைந்தவன் எபர்ஹாட். பழியைச் சுமந்தவனும் அவனே.

பழியோடு அச்சமும் வந்தது. ஹப்ஸ்பேர்க் மரபினரின் சினத்துக்கு அஞ்சிய எபர்ஹாட், அயலிலே வளர்ந்துவந்த பேர்ண் நகரின் துணையை நாடினான். அத்துணைக்கு விலையும் இருந்தது. 1323இல் தூன் நகரையும் கோட்டையையும் பேர்ண் நகரத்தாருக்கு விற்று, அவற்றை அவர்களிடமிருந்தே மானியமாகப் பெற்று ஆண்டான். தமையனின் உயிரைக் கொண்டு பெற்ற கோட்டையில், ஓராண்டு கழியுமுன்னரே அவன் பிறருக்குக் கட்டுப்பட்ட குடியிருப்பாளனானான். குருத்துவத்தை விடுத்து மணம் புரிந்து, பல மக்களைப் பெற்று, 1357இல் இறந்தான்.

அவனுடைய பேரனாகிய ருடோல்ப், கடன் சுமையால் நெருக்குண்டு, 1382இல் சோலதூண் நகரை இரவிலே தாக்கிக் கைப்பற்ற முயன்று தோற்றான். அதனால் விளைந்த போரின் முடிவில், 1384இல், தூன், புர்க்டோர்வ் ஆகிய இரு நகரங்களும் 37,800 பொற்காசுகளுக்குப் பேர்ண் நகரத்தார் கைக்கு முற்றாகச் சென்றன. 1417இல் அம்மரபே அற்றுப் போயிற்று. ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. இங்கே இரண்டுபட்டது ஒரு வீடு.

இன்னொரு செய்தியையும் மாணவர்கள் குறித்துக் கொள்ளல் வேண்டும். நடுவனாக நின்ற லெயோபோல்டுக்கும் ஒரு தமையன் இருந்தான். பிரெடெரிக் என்னும் அவன், அதே 1322ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூல்டோர்வ் போர்க்களத்திற் பகைவரிடம் சிறைப்பட்டான். தமையனின் இடத்தைத் தான் கைப்பற்ற லெயோபோல்ட் எண்ணவில்லை. அவனை மீட்பதற்காகவே ஓயாது போராடினான். 1325இல் பிரெடெரிக் விடுதலை பெற்றான். ஒரே காலம், ஒரே மரபு, ஒரே வகை ஆசைகள் நிறைந்த சூழல். ஆயினும் சகோதரர் நடந்த வழிகள் வேறாயின.

எபர்ஹாட் செய்த பாவத்தை நாம் நியாயப்படுத்த முடியாது. ஆனால், அவன் வாழ்வை அவனைக் கேளாமலே தீர்மானித்தவர்களுக்கும் அப்பாவத்திற் பங்கில்லை என்று சொல்ல முடியுமா? பிள்ளைகளுக்குக் காணியைப் பிரித்துக் கொடுப்பது எளிது. இல்லையென்று மறுப்பதும் எளிது. பிள்ளையை அருகில் அழைத்து, உன் விருப்பம் யாது என்று கேட்பதே கடினம். அக்கேள்வி உரிய காலத்திற் கேட்கப்பட்டிருந்தால், தூன் கோட்டையின் கதை வேறாக இருந்திருக்கவும் கூடும்.